நல்ல மண்ணு, ஒரு லோடு

போன சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே காலிங் பெல். வாசலில் ஹவுஸ் ஓனர் பாய். கையில் இன்ச் டேப்.

"ரெண்டு மாசம் ஆச்சு தம்பி. புல்லு பிடிச்சிச்சா, இல்ல அளவெடுக்கட்டுமா?"

விஷயம் இதுதான். செம்பாக்கத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு முன்னால் பத்துக்கு இருபதில் ஒரு காலி இடம். பாய்க்கு பேவர் பிளாக் வியாபாரம். அங்கேயும் கல்லைப் பரப்பிவிட நினைத்தார். நான் குறுக்கே விழுந்தேன். லான் போடுகிறேன், ரெண்டு மாசம் டைம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வந்தா புல்லு. இல்லாட்டி கல்லு."

எங்கள் தெருவில் கல் பதிக்காத வாசல் ஒன்று பாக்கி உண்டா? மழைத்தண்ணீர் இறங்கத்தான் ஒரு சாண் மண் உண்டா? இந்த ஒரு வாசலாவது தப்பட்டும் என்று எனக்கொரு வைராக்கியம்.

வைராக்கியம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. மூன்று வீடியோ பார்த்தேன். மண்வெட்டியை ஓங்கிப் போட்டேன். டங்... மண் எங்கே இருக்கிறது? வீடு கட்டியபோது கொட்டிய ரப்பிஷ்தான் — செங்கல் துண்டு, டைல்ஸ், சிமென்ட் கட்டி, ஒற்றைச் செருப்பு. சரி, மேலே புது மண் போட்டுவிடலாமே. டிப்பர் ஓட்டும் குமார் அண்ணனுக்கு போன் செய்தேன். "நல்ல மண்ணா ஒரு லோடு வேணும்ணா."

"ஃபர்ஸ்ட் கிளாஸ் மண்ணு கீது சார். கவலைய வுடு."

வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதன்மேல் படப்பை நர்சரியில் வாங்கிய கொரியன் புல்லைப் பாய் பாயாக விரித்தேன். (ஓனர் பாய் இல்லை, கோரைப்பாய் மாதிரி.) காலை, மதியம், இரவு — மாத்திரை கணக்காக மூன்று வேளையும் தண்ணீர்.

பத்தாம் நாள் மஞ்சள். பதினைந்தாம் நாள் காபித்தூள் கலர். ஓரத்தைத் தூக்கினேன், போர்வை மாதிரி மொத்தமாக வந்தது. ஒரு வேர்கூட இறங்கவில்லை. அடியில் மண் சிமென்ட் தரையாக இறுகிக் கிடந்தது.

குமார் அண்ணனிடம் நியாயம் கேட்டேன். "நல்ல மண்ணுன்னு தானேண்ணா கேட்டேன்?"

"நல்ல மண்ணுதான் சார். பேஸ்மட்டம் ரொப்புற சவுடு. தண்ணி ஊத்தி மிதிச்சா அப்டியே செட்டாய்க்கும். மேல மூணு மாடி ஏத்து, அசையாது."

"புல்லு போடறதுக்குண்ணா."

"இன்னா சார் நீ... செடி மொளைக்கிற மண்ணை எவன் கேக்குறான்? அத்த வாரி வெளிய கொட்டிட்டுத்தான் நாங்க வேலையே ஆரம்பிப்போம்."

யோசித்துப் பாருங்கள். திரும்பிய பக்கமெல்லாம் கட்டடத்துக்குக் கம்பி கட்டும் ஊரில், எதுவும் முளைக்காததற்குப் பெயர்தான் நல்ல மண்.

மீதி ஆறு வாரம். ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டினேன். சவுடையும் ரப்பிஷையும் குமார் அண்ணனே அள்ளிப் போனார் (வேறு யாருக்கோ ஃபர்ஸ்ட் கிளாஸ் மண்). பள்ளத்தில் தோட்ட மண், மக்கிய மாட்டு எரு, தேங்காய் நார்த்தூள் மூன்றையும் கலந்து நிரப்பினேன். மேலே புதுப் புல். முதல் வாரம் ஈரம் காயாமல் தண்ணீர். பிறகு காலையில் மட்டும். உள்ளதிலேயே கஷ்டமான வேலை எது தெரியுமா? தினமும் தூக்கித் தூக்கிப் பார்க்காமல் இருப்பது.

சனிக்கிழமைக்கு வருவோம். பாய் குந்தி உட்கார்ந்தார். புல்லின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். இன்னொரு இழுப்பு. வரவில்லை... வேர் பிடித்துவிட்டது. டேப்பைப் பையில் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கால் வைத்தார். இன்னொரு கால்.

"ஜில்லுனு இருக்கு தம்பி."

மறுநாள் கேட்டில் ஒரு போர்டு: 'புல்லின் மேல் யாரும் நடக்கக் கூடாது. இப்படிக்கு, ஹவுஸ் ஓனர்.'

"பாய், யாரும்னா... நானுமா?"

"உங்களுக்குத்தான் தம்பி எழுதினதே."

சொல்லிவிட்டு, டீ டம்ளரோடு வெறுங்காலில் லானில் ஏறினார். இப்போதெல்லாம் நான் சுவரோரமாக, நண்டு மாதிரிதான் வீட்டுக்குள் போய் வருகிறேன்.