அலீடா அண்ணி போடாத கூடை

எங்கள் ஊரில் அலீடா அண்ணியைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "தங்கமான மனுஷி." எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. விடியுமுன் எழுந்து மாடு கறந்து, நாலு பிள்ளைகளை வளர்த்து, சபை விருந்துக்கெல்லாம் அண்டா அண்டாவாகப் பட்டாணி சூப் கிண்டிய ஒருத்தியைத் தங்கம் என்று சொல்லிவிட்டால், அவளுக்கு என்ன வேண்டும் என்று அப்புறம் யாரும் கேட்க வேண்டியதில்லை. அண்ணிக்கு ஒன்று வேண்டியிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில், ஆட்டத்தின் நடுவே, நாலு பேர் பார்க்க, ஒரே ஒரு கூடை போட வேண்டும்.

சிரிக்க வேண்டாம். கூடைப்பந்தில் மூன்று வருஷம் பள்ளிக்காக ஆடியவள் அவள். ஒரு கூடைகூடப் போட்டதில்லை. போட முடியாமல் இல்லை, போட விடவில்லை.

அமெரிக்காவில் எங்கள் அயோவா மாநிலத்தில் அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகளின் ஆட்டம் அப்படி. இப்போதைய பெண்களிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள். அணிக்கு ஆறு பேர். களத்தின் நடுவே ஒரு கோடு. மூன்று பேர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கூடை போடுவார்கள், மூன்று பேர் இந்தப் பக்கம் நின்று எதிரணியைத் தடுப்பார்கள். தடுப்பவள் கோட்டைத் தாண்டினால் விசில். பந்து அவள் கைக்கு வந்தால் கோடு வரை கொண்டுவந்து அந்தப் பக்கத்துக்காரியிடம் எறிய வேண்டும், அவ்வளவுதான் அவள் பாடு. பெண்கள் முழுக் களமும் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று எந்த மகானோ கண்டுபிடித்திருந்தான். அந்த மகான் ஒரு நாள் காலையில் எங்கள் தொழுவத்துக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் பள்ளி கிறிஸ்தவ சபைப் பள்ளி. ஹாலந்திலிருந்து வந்த எங்கள் முன்னோர்கள் முதலில் கோயிலைக் கட்டினார்கள், அடுத்து பள்ளிக்கூடத்தை, அதற்கப்புறம்தான் சிலர் தங்கள் வீட்டுக்கே கூரை போட்டார்கள். பள்ளிக்குச் சின்னமாக அவர்கள் வைத்தது முள்ளுகளுக்கு நடுவே ஒரு லீலிப்பூ. பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் புலி, கழுகு, காட்டெருமை. எங்களுக்குப் பூ. போகிற ஊரிலெல்லாம் கேலிதான்.

"டேய், பூக்காரிங்க வந்துட்டாங்கடா! யாராவது தண்ணி ஊத்துங்கடா!"

எங்களுக்கு வேதபாடம் நடத்திய போஸ்மா வாத்தியார்தான் பயிற்சியாளரும். அவர் ஒரு நாள் சொன்னார்: "பூவுன்னு கத்தறாங்களா? கத்தட்டும். கிட்ட வரப்போ முள்ளு குத்தும்ல, அப்ப தெரியும்." அன்றிலிருந்து கூடை போடுகிறவர்களுக்கு லீலி என்றும் தடுக்கிறவர்களுக்கு முள் என்றும் பெயர் வந்துவிட்டது. லீலிகளுக்குத்தான் படம், செய்தித்தாள், பையன்கள் எல்லாம். முள்ளுக்கு முழங்கால் சிராய்ப்பு.

அண்ணி முள். உயரமும் நீளக் கையும்தான் காரணம். அவளுடைய கை அவளுக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே பிறந்துவிட்டது என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவள் வகுப்புத் தோழி ஜோஸி லீலி. ஜோஸி போட்ட புள்ளிகள் இந்த மாவட்டத்துக்கே தெரியும். அந்தப் புள்ளிகளுக்கான பந்தைப் பாதி நேரம் பிடுங்கித் தந்தது யார் என்று யாருக்கும் தெரியாது.

1966இல் மாவட்ட இறுதி ஆட்டம், எங்கள் கூடத்திலேயே. ஆட்டத்துக்கு முன் இரண்டு ஊரும் எழுந்து நின்று வேதாகமச் சங்கீதம் ஒன்று பாடினோம், பிறகு உட்கார்ந்து ஒருவரையொருவர் ஏச ஆரம்பித்தோம். கடைசியில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால். சில நொடிகள்தான் மிச்சம். அண்ணி எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு கோட்டுக்கு வந்தாள். அந்தப் பக்கம் ஜோஸி கால் சறுக்கித் தரையில் கிடந்தாள். மற்ற இரண்டு லீலிகளையும் ஆட்கள் அடைத்து நின்றார்கள். "எறி! எறி!" என்று ஊரே கத்தியது. யாரிடம் எறிவது? கோட்டில் நின்றபடி அவள் எதிரிலிருந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்துவிட்டது.

யாரும் அவளைத் திட்டவில்லை. எங்கள் ஜனங்கள் தங்கள் ஆளைத் திட்ட மாட்டார்கள். மறுநாள் ஞாயிறு ஆராதனையில் சபை மூப்பர் ஒருவர் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை அவள் கையில் வைத்து அழுத்தி, "கர்த்தருடைய சித்தம், அம்மா" என்று இரக்கமாகச் சிரித்தார். திட்டியிருந்தால் அவளும் திருப்பித் திட்டி, அழுது, ஆறிப்போயிருப்பாள்.

அதற்கப்புறம் என் அண்ணன் மார்வினைக் கல்யாணம் செய்துகொண்டாள். அண்ணன் நல்லவன். ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசுவான், அதில் நாலு மாட்டிடம். எங்கள் பண்ணை அடுத்த பண்ணைதான். ஒரு நாள் காபிக்குக் கூப்பிடலாம் என்று தொழுவத்துக்குத் தேடிப்போனால் தலைக்கு மேலே வைக்கோல் பரணில் தொம் தொம் என்று சத்தம். ஏறிப் பார்த்தேன். பீப்பாய் வளையம் ஒன்றை உத்திரத்தில் அடித்து வைத்து, வேலைச் செருப்போடு பந்து போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று தவறினால் நாலு உள்ளே விழுந்தது.

"அண்ணி! என்ன இது?"

"மார்வின்கிட்ட சொல்லிடாதே கோரி."

"சொன்னா என்ன, திட்டவா போறான்?"

"திட்டினா பரவால்லியே. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து கைதட்டச் சொல்வார்."

"இவ்வளவு நல்லா போடறீங்களே, அண்ணி."

"இங்க போட்டு என்ன? மாட்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆட்டத்துல போடணும், கோரி. ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு போதும் எனக்கு."

அந்த 'ஒண்ணு போதும்' என்ற குரலை நான் மறக்கவில்லை. சாப்பாடு கேட்கிறவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்.

பிறகு காலம் மாறியது. அவளுடைய பெண்கள் லீலியாகவே ஆடினார்கள். கொஞ்ச வருஷத்தில் கோட்டையே எடுத்துவிட்டார்கள். அணிக்கு ஐந்து பேர், எல்லாரும் எங்கேயும் ஓடலாம், எல்லாரும் போடலாம். தன் பெண்கள் படித்து முடித்த பிறகும் அண்ணி ஒரு ஆட்டம் விடாமல் போவாள். திரும்பும்போது வண்டியில் பேச மாட்டாள். ஒரு தடவை நான் சும்மா கிண்டலாக, "என்ன அண்ணி, பொறாமையா?" என்றேன்.

"ஆமா," என்றாள். அவ்வளவுதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

2008இல் புதுக் கூடம் எழும்பியது, பழையதை இடிப்பதாக முடிவானது. இடிக்குமுன் பழைய மாணவிகளை வைத்துப் பழைய விதிப்படியே ஒரு கடைசி ஆட்டம் என்று தலைமையாசிரியர் டைக்ஸ்ட்ரா அறிவித்தார். கோட்டை மறுபடி வரைந்தார்கள். மூத்தவர்களுக்கு வெள்ளை, இளையவர்களுக்கு நீலம். அண்ணிக்கு அறுபது வயது. விஷயம் தெரிந்த அன்றே என் வீட்டுக்கு வந்து, உட்காராமலே சொன்னாள்:

"லீலியா ஆடணும்னு கேக்கப் போறேன்."

"கேளுங்க, அண்ணி. கூச்சப்படாதீங்க."

"கூச்சம்தான் படறேன். இருந்தாலும் கேக்கப் போறேன்."

ஆட்டத்தன்று மதியம் கேட்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அரிசோனாவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வெயிலில் வறுத்தெடுத்த நிறத்தில் ஜோஸி வந்திருந்தாள்.

"ஐயோ அலீடா, விளையாடாதேடி! நீ இல்லாம பின்னாடி யாரு நிப்பா? உன்னை மாதிரி ஒரு முள்ளு இந்த ஸ்கூல்ல பொறக்கவே இல்ல. என்ன டைக்ஸ்ட்ரா சார், நான் சொல்றது?"

"அதானே!" என்றார் டைக்ஸ்ட்ரா. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

"சரி," என்றாள் அண்ணி. குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டாள். கட்டின கயிற்றையே அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் பாதி முடிந்ததும் ஜோஸியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"ஜோஸி அக்கா, உங்க தலையில மூளை இருக்கா, இல்ல அரிசோனா வெயில்ல அதுவும் காஞ்சுபோச்சா?"

"ஏய், என்ன கோரி?"

சொன்னேன். பரணைச் சொன்னேன், பீப்பாய் வளையத்தைச் சொன்னேன். ஜோஸியின் கண் கலங்கிவிட்டது. கெட்டவள் இல்லை அவள். நல்ல மனசுக்காரி. நல்ல மனசுக்காரிகளுக்கு வாயில் ஒன்றும் தங்காது, அதுதான் தொல்லை. நான் திரும்பி என் இடத்தில் உட்காருவதற்குள் இரண்டு அணிக்கும் தெரிந்துவிட்டது. பிறகு முதல் வரிசைக்கு. பிறகு போதகருக்கு.

கடைசிப் பகுதியில் ஜோஸி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். அந்த நடிப்பை எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டிகூட நம்பியிருக்காது.

"அலீடா, என்னால முடியலடி! நீ என் எடத்துக்குப் போ!"

அண்ணி கோட்டருகே வந்து நின்றாள். குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு தாண்டினாள்.

பந்து அவள் கைக்கு வந்தது. உடனே நீல அணிப் பெண்கள் மூன்று பேரும் கையைக் கீழே போட்டுவிட்டு, கல்யாணப்பெண்ணுக்கு வழி விடுவதுபோல ஒதுங்கி நின்றார்கள். கூடமே எழுந்து நின்றது. கேமராக்கள் மின்னின. அவளுக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு ஈ காக்கை இல்லை.

அண்ணி பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாருக்கும் தெரியும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லா முகத்திலும் அதே பெப்பர்மின்ட் சிரிப்பு. அவளுக்கு மிக அருகில் நின்றவள் ஜோஸியின் மகள் மெலனி, அந்தப் பழைய ஆட்டத்தின் கடைசி வருஷங்களில் முள்ளாக ஆடியவள்.

"மெலனி, கையத் தூக்குடி."

"பரவால்ல அத்தை, போடுங்க."

"தூக்குடின்னு சொல்றேன்ல?"

"மெலனி, சும்மா நில்லுடி! அவ போடட்டும்!" என்று பெஞ்சிலிருந்து ஜோஸி கத்தினாள்.

"நீ வாய மூடு, ஜோஸி!"

அலீடா அண்ணி வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. அதுவும் மூப்பர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த கூடத்தில். அப்போது எனக்குப் பக்கத்திலிருந்து, ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசும் என் அண்ணன் எழுந்தான்.

"தூக்கும்மா மெலனி!" என்று தொழுவம் அதிரக் கத்துவதுபோல் கத்தினான். "நல்லா தூக்கு!"

மெலனி அவனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு போனது. முழங்காலை மடக்கினாள், இரண்டு கையையும் விரித்துத் தூக்கினாள், கிட்டே வந்தாள். அண்ணி ஒரு தடவை இடது பக்கம் பந்தைத் தட்டினாள், மெலனி கூடவே போனாள். இன்னொரு தட்டு. பழைய விதிப்படி இரண்டு தட்டுக்கு மேல் தட்டக் கூடாது. எழும்பிப் போட்டாள். அறுபது வயசுக் கால் எவ்வளவு எழும்புமோ அவ்வளவு எழும்பினாள்.

மெலனியின் விரல் நுனி பந்தில் பட்டது. பந்து வளையத்தில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, விளிம்பில் நின்று, வெளியே விழுந்தது. மெலனி அதைப் பிடித்து, நல்ல முள்ளாகக் கோட்டுக்கு ஓடி, தன் லீலிக்கு எறிந்துவிட்டாள். ஆட்டம் நடந்துகொண்டே இருந்தது. அந்தப் பந்து அண்ணிக்கு மறுபடி வரவில்லை. நீல அணி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது.

கூடம் முழுக்க மெலனியை முறைத்தது. ஹாம் பன்னும் காபியும் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் அவள் அழுதுகொண்டு வந்து நின்றாள்.

"மன்னிச்சிடுங்க அத்தை. விரல் பட்டிருச்சு. நான் கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாம்."

அண்ணி அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள்.

"அழாதடி. நான் போட்டுடுவேன்னு பயந்து இதுவரைக்கும் ஒருத்தரும் எனக்கு முன்னாடி கை தூக்கினதில்ல. நீதான் தூக்கியிருக்கே."

அண்ணி அவள் தலைக்கு மேலாக வளையத்தைப் பார்த்தாள். ஆட்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவை தூக்கறியா?"

"ஆட்டம் முடிஞ்சுபோச்சே அத்தை," என்றாள் மெலனி மெதுவாக.

"ஆமா," என்றாள் அண்ணி. "முடிஞ்சுபோச்சு."

ஆனாலும் நகரவில்லை. மெலனியின் கையையும் விடவில்லை. நான்தான் போய் விரல் விரலாகப் பிரித்து, குளிருக்கான மேலங்கியை மாட்டிவிட்டு, அவளை வண்டிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.