நீலத்திரை போட்ட தையல் வகுப்பு

எனக்குக் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு வந்த இரண்டாம் வருஷம், எங்கள் பின்தெருவில் ஒரு காலி வீட்டை வாடகைக்குப் பிடித்து இலவசத் தையல் வகுப்பு ஆரம்பித்தார்கள். எண்பதுகளின் கடைசி. மதுரையில் உள்ள ஒரு சேவை டிரஸ்ட் நடத்துவதாக போர்டில் எழுதியிருந்தது. அந்த டிரஸ்ட் யாருடையது என்று எழுதவில்லை. ஊருக்கு அது போதும்.

ஜன்னலுக்கெல்லாம் நீலத்திரை. டீச்சருக்கு நீலச்சேலை. வகுப்பு தொடங்குமுன் எல்லோரும் செத்த நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். சாமி படம் கிடையாது, மந்திரம் கிடையாது, பாட்டும் கிடையாது. ஏதாவது ஒரு படம் மாட்டியிருந்தால் ஊர் நிம்மதியாக இருந்திருக்கும். வெறுஞ்சுவரைப் பார்த்ததும் ஆளாளுக்கு மனசில் ஒரு படத்தை மாட்டிக்கொண்டார்கள்.

எங்கள் தெருக்காரர்கள், "வெளிநாட்டுக் காசு. மதம் மாத்தத்தான் வந்திருக்காவ" என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா சர்ச்சுக்குப் போகிறவர். அவருடைய பாஸ்டரோ, "அது வடக்கத்திச் சாமியாரோட ஆளுக. அங்க போய்க் கண்ணை மூடாதீங்க" என்று எச்சரித்திருந்தார். அந்தச் சாமியார் அப்போது அடிக்கடி பேப்பரில் வந்துகொண்டிருந்தார். படித்த பிள்ளைகள் வீட்டைவிட்டு ஆசிரமத்துக்குப் போய்விடுவதாகவும், நிலம் எழுதி வாங்குவதாகவும் புகார், வழக்கு. அவர் ஆட்களுக்கும் நீலம்தான் சீருடை.

அக்காவுக்கும் எனக்கும் தையல் கற்க ஆசை. எங்கள் தெரு டெய்லர் தீபாவளி ஜாக்கெட்டைக் கார்த்திகைக்குத் தருகிறவர். என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் மில் ஷிப்டுக்குப் போய்வருகிறவர். அவரிடம் கேட்டால், "அப்பா சரின்னா சரி" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

மாமனார் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். அங்கே அவர் பார்த்தது சாமான் கிட்டங்கி வேலை. ஆனால் சொல்லும்போது உளவுப் பிரிவு மாதிரித்தான் இருக்கும்.

"முதல்ல நான் போய்ப் பாத்துட்டு வாரேன் தாயி. ஒண்ணும் பேச மாட்டேன். கண்ணை மட்டும் தெறந்து வச்சிருப்பேன்."

முதல் நாள் என்னோடும் அக்காவோடும் வந்து கடைசியில் சுவரோரமாக உட்கார்ந்தார். டீச்சர் வணக்கம் சொல்லி, எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். வெளியில் வெயில், உள்ளே நீலத்திரையின் குளுமை, தலைக்கு மேலே காத்தாடி. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து குறட்டை வந்தது. நான் அவமானத்தில் கண்ணைத் திறக்கவேயில்லை. டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "யாரும் சிரிக்காதீங்க. நமக்கெல்லாம் வர மாட்டேங்குது, பெரியவருக்கு முதல் நாளே மனசு அடங்கிருச்சு."

வீட்டுக்கு வந்ததும், "என்ன மாமா, எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"சந்தேகமாத்தான் இருக்கு. இன்னும் நாலு நாள் கவனிக்கணும்."

நாலு நாள் நாலு மாசமானது. உளவு பார்க்க வந்தவர் சும்மா இருக்க முடியாமல் மிஷின் பெல்ட்டை இழுத்துக் கட்டினார், எண்ணெய் போட்டார், பிறகு ஓட்டவும் தொடங்கினார். நாங்கள் உள்பாவாடைக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தபோது அவர் காக்கித் துணியில் தனக்கு ஓர் அண்டிராயர் தைத்தார். இரண்டு பக்கமும் முழங்கால்வரை பை. பட்டாளத்தில் இப்படித்தான் என்றார். டீச்சர் அதைக் கையில் வாங்கிப் பார்க்கத் தயங்கி, தூரத்திலிருந்தே தையல் நேராக இருப்பதாகப் பாராட்டினார்.

டீச்சர் ராஜபாளையத்துக்காரி. அவரைப் பார்க்க அம்மா வந்தபோது இருவரும் தெலுங்கில் பேசினார்கள். உடனே தெருவில், சாமியார் வடக்கு இல்லை, ஆந்திரா என்று திருத்தம் வந்தது. மாமனாருக்கே கோபம் வந்துவிட்டது. "ராஜபாளையத்துல பாதி வீட்டுல தெலுங்குதாம்லே பேசுதாவ. அம்புட்டுப் பேரும் சாமியாரா?"

அப்போதுதான் பேப்பரில் அந்தச் சாமியாரைப் பற்றி மறுபடி ஒரு செய்தி வந்தது. ஆசிரமத்தின் கிளைகள் என்று போட்டிருந்த ஊர்களில் எங்கள் ஊரும் இருந்தது. மறுநாள் காலை பலசரக்குக் கடை வைத்திருந்த தெருச் சங்கத் தலைவர் நாலைந்து பேரோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். சாமியார் பேரெல்லாம் கண்துடைப்பு, மதம் மாற்றும் வகுப்பை மூடவேண்டும் என்றார். அவர் பேசி முடிக்குமுன் பாஸ்டர் தன் சபைக்காரர்கள் இரண்டுபேரோடு வந்து சேர்ந்தார், சாமியாரிடமிருந்து அக்காவை மீட்க.

தலைவர் பாஸ்டரைப் பார்த்து, "உங்க ஆளுகளை நீங்களே கூட்டிட்டுப் போயிருங்க. மரியாதையா முடிஞ்சிரும்" என்றார்.

"எங்க ஆளுகளா? உங்க சாமியார் நடத்துறதுக்கு நாங்க என்ன செய்ய?"

"எங்க சாமியாரா? அந்த ஆளை நாங்க வாசல்ல சேர்ப்போமா?"

அந்தச் சாமியார் தங்களுடையவர் இல்லை என்று இருதரப்பும் வெகுநேரம் சண்டை போட்டார்கள். நாங்கள் மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னலில் நின்று கேட்டோம். கடைசியில் டீச்சர், டிரஸ்ட் நடத்துகிறவர்களே ஞாயிற்றுக்கிழமை வந்து பதில் சொல்வார்கள் என்றதும்தான் கலைந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அமைதியானவர்கள். அவர்கள் பதிலைக் கேட்கத் தெருவே கூடியிருந்தது. அந்த அம்மா ஒளிக்காமல் சொன்னார்: "நாங்க ரெண்டு பேரும் பல வருஷம் அந்த ஆசிரமத்துல இருந்தோம். அங்க நடக்கிறது பிடிக்காம வெளிய வந்துட்டோம். இந்த டிரஸ்ட் எங்களோடது. ஆனா அவிய இன்னும் தங்களோடதுன்னுதான் சொல்லுதாவ."

"அப்ப நீலம் எதுக்கு?" என்றார் தலைவர்.

"பிரிஞ்சு வரும்போது இருந்த துணி அதுதான்."

மாமனார் முன்னால் வந்தார். அவருக்கும் அவர் அண்ணனுக்கும் ஒரு சுவருக்காக வருஷக்கணக்கில் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"சொத்தைப் பிரிச்சாச்சா?"

"இல்லைங்கய்யா. கோர்ட்டுல இருக்கு."

"அப்ப சொந்தம்தான்" என்றார் மாமனார். "பேச்சு விட்டுப்போகும். கேஸ் இருக்கிற வரைக்கும் சொந்தம் விட்டுப்போகாது."

இது யாருக்குச் சாதகமான தீர்ப்பு என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் அவரவர் வீட்டிலும் இப்படி ஒரு சுவரோ கிணறோ இருந்தது. தலைவர் தலையாட்டினார். பாஸ்டரும் தலையாட்டினார். அந்த அம்மா மட்டும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஊரை விட, பிள்ளையை விடப் பெரிதாக நினைத்த ஓர் இடத்திலிருந்து வெளியேறிய மனுஷி அவர் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை எங்களுக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

வகுப்பு நடந்தது. ஆனால் கோடை முடிவதற்குள் மதுரையில் வழக்கு ஆசிரமத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. ஒரு நாள் நீலச்சட்டைக்காரர்கள் லாரியோடு வந்து மிஷின்களைத் தூக்கிப்போனார்கள். டீச்சர் தடுக்கவில்லை. நாங்கள் ஜாக்கெட் கழுத்துவரைதான் வந்திருந்தோம்; சட்டைக் காலர் கற்றுக்கொள்ளும் முன்பே எல்லாம் முடிந்தது.

ஒரு வாரம் கழித்து மாமனார் ராஜபாளையம் போய் ஒரு பழைய தையல் மிஷின் வாங்கிவந்தார். டவுன் பஸ்ஸில் அதைத் தன் பக்கத்துச் சீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு, அதை இறக்கச் சொன்ன கண்டக்டரிடம், "ஆளுக்குள்ள டிக்கெட்டை அதுக்கும் போடு" என்று சொன்னாராம். அக்காவும் நானும் அதில் மாறி மாறித் தைத்தோம். அண்டிராயர் முறை வரும்போது மட்டும் இடத்தைக் காலி செய்துவிடுவோம்.

எங்களுக்கு முதலில் துணி கொண்டுவந்தது சங்கத் தலைவரின் மனைவி. பச்சை ஜாக்கெட் துணி. அளவு எடுத்து முடித்ததும் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கழுத்து மட்டும் அந்த வகுப்புல சொல்லிக்குடுத்த மாதிரி வைம்மா. எங்க வீட்டு அவியகிட்டச் சொல்லிராத" என்றார்.