ஓரகத்திக்கு நான் தைத்த பிரா

நான் நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவள். மிதிகட்டை உடைந்த ஒரே ஒரு பழைய தையல் மிஷினை வைத்துத் தொழிலைத் தொடங்கினேன். இன்று என் பட்டறையில் பதினெட்டு மிஷின் ஓடுகிறது. பெண்களுக்கான உள்ளாடை மட்டும்தான் தைக்கிறோம், அதிலும் பிராதான் அதிகம். படி ஏறி வரும் பெண்ணைப் பார்த்தே அவள் அளவைச் சொல்லிவிடுவேன். முப்பத்தைந்து வருஷத்தில் இரண்டு பேரிடம்தான் தவறியிருக்கிறேன். அதில் ஒருத்தி மாசமாக இருந்தாள், அந்த விஷயமே அவளுக்கு என் டேப் சொல்லித்தான் தெரியும்.

ஆனால் இது என் கதை இல்லை. என் கொழுந்தன் மனைவியின் கதை. எனக்கு ஓரகத்தி, பட்டறையில் எல்லாருக்கும் பொம்மை.

புது வெட்டு எதுவானாலும் முதல் உருப்படியை ஒரு உடம்பில் போட்டுப் பார்க்காமல் நான் கடைக்கு அனுப்புவதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த உடம்பு அவளுடையது. பின்னறையில் ஆளுயரக் கண்ணாடி முன்னால் அசையாமல் நாற்பது நிமிஷம் நிற்பாள். நான் ஊசி குத்தி, பிரித்து, மறுபடி குத்துவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்: "இங்க கடிக்குதுக்கா. இடது பக்கம், ரெண்டாவது கொக்கிக்குக் கீழ." அவிழ்த்துப் பார்த்தால் அங்கே ஒரு நூல் மடிந்திருக்கும். ஒரு தடவைகூட அவள் சொன்னது பொய்த்ததில்லை. அவள் "கடிக்கல" என்று சொல்லிவிட்டால் ஆயிரம் உருப்படி வெட்டச் சொல்லிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கலாம்.

புதிதாகச் சேரும் பெண்கள் அவளைப் பொம்மை என்று கூப்பிடத் தயங்கினால் அவளே சொல்லுவாள்: "அட, கூப்பிடுங்கடி. கடையில நிக்கிற பொம்மைங்களுக்கு வாய் இருந்தா பாதிக் கடைய மூடிட்டுப் போயிருப்பாங்க. நான் பேசுற பொம்மை."

அவளுக்கு நாற்பத்தாறு வயதானபோது ஒரு நாள் பிராவின் வலது கிண்ணத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது. துணியின் குற்றம் என்று நினைத்துப் பிரித்துத் தைத்தேன். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை துணியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். சுருக்கம் அவள் தோலில் இருந்தது.

பரிசோதித்ததில் புற்றுநோய். அடுத்த மாதமே அந்த மார்பை முழுக்க எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எடுக்கிறபோதே உள்ளே சிலிகான் பை ஒன்றை வைத்துத் தைத்துவிடலாம் என்றார் அறுவை சிகிச்சை டாக்டர். என் மகளைவிடச் சின்ன வயது அந்தப் பெண்ணுக்கு. வீட்டுக்கு வந்ததும் என் கொழுந்தன், "உயிர் இருந்தா போதும், அதெல்லாம் எதுக்கு?" என்றான். எங்கள் கட்டிங் மாஸ்டர் அவன்தான். கத்தரி பிடித்தால் சிங்கம், மற்ற நேரத்தில் வாயில்லாப் பூச்சி.

அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "அழகுக்கு இல்லக்கா. மறுபடியும் கண்ணாடி முன்னாடி நிக்கணும். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தாத்தான நிக்க முடியும்? இல்லேன்னா மூலையில உக்கார வெச்சு கொக்கி தைக்கச் சொல்லுவீங்க."

"நானா சொல்லுவேன்?" என்றேன். சொல்லியிருப்பேன் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அவளுடைய அளவை நானே சொன்னேன். அந்தப் பெண் சிரித்தது. "கப் சைஸ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்மா. நெஞ்சு எவ்ளோ அகலம், தோல் எவ்ளோ மிச்சம் இருக்கும், அந்தப் பக்கம் எப்படி இருக்கு, இதுதான் எங்க கணக்கு. பெருசா வெச்சா தோல் தாங்காது, பார்த்தாலும் ஒட்ட வெச்ச மாதிரி தெரியும். அகலத்துக்குப் பொருத்தமா வெச்சாத்தான் இயல்பா இருக்கும்."

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. நான் பட்டறையில் கத்திக் கத்திச் சொல்வதை அது கோட்டுப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னது, அவ்வளவுதான். அதனாலேயோ என்னவோ, பிறகு சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. "முதல் ரெண்டு மூணு மாசம் மேல தூக்கிக்கிட்டு விறைப்பா இருக்கும். தானா இறங்கும், யாரும் இறக்க வேண்டாம். ஆறு வாரத்துக்குக் கம்பி வெச்ச எதையும் போடக் கூடாது. கையைத் தோளுக்கு மேல தூக்கக் கூடாது, கனமா எதையும் எடுக்கக் கூடாது. அந்த இடம் மரத்துப் போயிருக்கும். சூடு, அழுத்தம் எதுவும் தெரியாது. அதனால தினமும் கண்ணால பார்க்கணும்."

அறுவை நன்றாகவே நடந்தது. விலாவிலிருந்து இரண்டு குழாய்கள் தொங்கின. அவற்றில் வடியும் நீரைக் கொழுந்தன் காலையும் மாலையும் அளந்து எழுதினான். வடிவது குறைந்து, பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். நான் அவளுக்குத் தலை வாரினேன், சோறு ஊட்டினேன், ஒரு குடம் தண்ணீரைக்கூடத் தூக்க விடவில்லை. பெற்ற மகளைக்கூட நான் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

நாலாவது வாரம் அவள் முதல்முதலாகக் கண்ணாடியில் பார்த்தாள். வலது பக்கம் ஒன்றரை விரற்கடை மேலே நின்றது. உருண்டையாக, வெளியூர்க்காரி மாதிரி.

"இது யாருதுக்கா?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

கோணலைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த மெத்தென்ற பிராவை எடுத்துப் பார்த்தேன். பட்டை சுருண்டு, ஓரம் இழுத்து, தையலா அது? அன்று மதியமே புதிதாக ஒன்று வெட்டினேன். மேலிருந்து அமுக்கிக் கீழே இறக்க அகலமான பட்டை வைத்தேன். கீழ்க்கோடு ஒழுங்காக விழ வேண்டும் என்று மெல்லிய கம்பியை இரட்டைத் துணியில் சுற்றி வைத்தேன். என் கம்பி முப்பத்தைந்து வருஷத்தில் யாரையும் கீறியதில்லை.

கொழுந்தன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். "அண்ணி, டாக்டரம்மா கம்பி வேணாம்னாங்களே?"

"உங்க டாக்டரம்மா இதுவரைக்கும் எத்தனை பிரா தைச்சிருக்காங்க?"

அவன் போய்விட்டான். என் பட்டறையில் எனக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. அதை நான் பெருமையாக வைத்திருந்தேன்.

அவளுக்குப் போட்டுவிட்டு, கொக்கியை மாட்டிவிட்டு, எப்போதும் கேட்கிற மாதிரி கேட்டேன். "கடிக்குதா?"

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "இல்லக்கா. ஒண்ணுமே கடிக்கல."

அவள் வாயால் வந்த பிறகு நான் ஏன் அவிழ்த்துப் பார்க்கப் போகிறேன்?

அன்றிலிருந்து அது அவள் உடம்பிலேயே இருந்தது. துடைத்துவிடும்போதும் கம்பி இருந்த இடத்துக்கு மேலோடும் கீழோடும்தான் துடைத்தேன். துணிக்கு மேலேயே தினமும் டேப் பிடித்தேன். ஒன்றரை விரற்கடை ஒன்றாயிற்று. ஒன்று அரையாயிற்று. பட்டறையில் ஒவ்வொரு மிஷினாகப் போய் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் காலை இரண்டு பக்கமும் ஒரே அளவு. அவளைப் பட்டறைக்கு அழைத்துப் போய்ப் பின்னறைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். பதினெட்டு மிஷினும் நின்றன. பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்துக் கை தட்டினார்கள்.

"பொம்மை வந்துட்டாடி!" என்று ஒருத்தி கத்தினாள்.

"வந்துட்டேன். ஒழுங்கா தைங்க, இனிமே தப்பிக்க முடியாது" என்று சிரித்தாள். அவள் முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. வெட்கம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் குளிர் நடுக்கம் வந்தது. நெற்றி கொதித்தது. பிராவை அவிழ்த்தேன். கம்பி இருந்த கோட்டோடு தையல் வாய் திறந்திருந்தது. சுற்றிலும் சிவந்து, தொட்டால் சுட்டது. அந்தப் பக்கம் இறங்கவே இல்லை. உள்ளே நீர் கோத்து, கீழே வீங்கியிருந்தது. அந்த வீக்கத்தைத்தான் நான் ஒன்பது நாள் டேப் பிடித்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

"வலிச்சிருந்தா சொல்லியிருப்பேனேக்கா" என்றாள். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "தொட்டா யாரோ துணி மேல தொடுற மாதிரிதான் இருக்கு."

ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பார்த்த உடனே முகம் மாறியது. "பையை எடுத்தாகணும், வேற வழி இல்ல. புண் ஆறட்டும், ஆறு மாசம் கழிச்சு யோசிக்கலாம்." பிறகு அந்தக் கோட்டை விரலால் காட்டிக் கேட்டார்: "கம்பி வெச்சதைப் போட்டீங்களா? யாரு போடச் சொன்னது?"

கொழுந்தன் தரையைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"நானேதான் போட்டுக்கிட்டேன். ஒரு ஆசைதான்" என்றாள் அவள்.

"சொன்னேன்ல?" என்று டாக்டர் அவளைத் திட்டினார். காய்ச்சலில் கிடந்தவளை, என் கண் முன்னாலேயே. கடைக்காரன், வரிக்காரன், வீட்டுக்காரன் என்று எத்தனையோ பேரை வாயாலேயே ஜெயித்தவள் நான். இன்று வரை அந்த டாக்டரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

பையை எடுத்த பிறகு அந்த இடம் குழிந்து, தோல் மெலிந்து, எலும்போடு ஒட்டிக்கொண்டது. ஆறு மாதம் கழித்துப் போனோம். முதுகிலிருந்து சதையும் தோலும் எடுத்து வைத்துத்தான் இனிச் செய்ய முடியும், பெரிய அறுவை என்றார்கள். "போதும், டாக்டர்" என்று அவளே எழுந்துவிட்டாள்.

அந்த மாதங்களில் நான் சும்மா இருக்கவில்லை. உள்ளே பஞ்சு, அதற்குள் சிறு கனத்துக்குக் கடுகளவு மணி, கம்பியே இல்லாத பட்டை என்று ஒன்பது விதம் தைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காகிதத்தில் சுற்றி மேஜையில் வைத்திருந்தேன். என் கை இதுவரை தைத்ததிலேயே நல்ல தையல் அது. சத்தியமாகச் சொல்கிறேன்.

எட்டாவது மாதம் பட்டறைக்கு வந்தாள். நேராகக் கொக்கி மேஜைக்குப் போய், யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள். கண்ணாடி முன்னால் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள், கால் மணி நேரத்துக்குள் கால் மாற்றுகிறாள். நான் காகிதப் பொட்டலத்தை எடுத்துப் போய் அவள் முன்னால் வைத்தேன்.

"என்னதுக்கா?"

"உனக்குத்தான். போட்டுப் பாரு."

அவள் பிரிக்கவில்லை. கொக்கி டப்பாவுக்கு இடம் வேண்டும் என்பது போல மெதுவாக ஒரு பக்கம் நகர்த்தினாள். "வேணாம்க்கா. ஆஸ்பத்திரி எதிர்க்கடையில வாங்கிட்டேன்."

அவள் படி ஏறும்போதே எனக்குத் தெரிந்ததுதான். வேறு யாரோ வெட்டிய துணி. தோள்பட்டை சரியில்லை, வலது பக்கம் முன்னால் இழுத்துக்கொண்டு நின்றது. இரண்டு நிமிஷத்தில் பிரித்துத் தைத்துவிடலாம். நான் என் மிஷினுக்குத் திரும்பிப் போனேன்.