மஞ்சள்தூள் கடையிலிருந்து வந்த நகரம்

பள்ளிக்கூடப் புத்தகங்களைத் தவிர தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்த ஒரே புத்தகத்துக்கு அட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. பண்டாரவளையில் ஒரு முஸ்லிம் நானாவின் மசாலாக் கடையில் மாமா வேலை செய்துகொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. பழைய புத்தகங்களை நிறுத்து வாங்கி, தாள் தாளாகக் கிழித்துச் சாமான் சுற்றிக் கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம். அப்படிக் கிழிபட்டுக்கொண்டிருந்த ஒன்றில் படங்கள் இருப்பதைப் பார்த்தவர், நானாவிடம் கேட்டு வாங்கி, மழையில் நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். எனக்கு அப்போது பத்து வயது.

"மிச்சம் எங்க மாமா?" என்று கேட்டேன்.

"மிச்சத்துல ஊரெல்லாம் மஞ்சத்தூள் கட்டிட்டுப் போயிட்டாங்க. இருக்கிறதைப் படி புள்ள."

இருந்ததைப் படித்தேன். மண்ணுக்குள் புதைந்துபோன பழங்கால நகரங்களைப் பற்றிய புத்தகம் அது. பாதி புரியவில்லை. புரிந்த பாதியே என்னைப் பிடித்து ஆட்டியது. சிந்து ஆற்றங்கரையில் நாலாயிரம் வருஷங்களுக்கு முன்பே வீட்டுக்கு வீடு குளிக்கும் அறை இருந்ததாம். சாக்கடையைக் கல் போட்டு மூடி வைத்திருந்தார்களாம். எங்கள் லயத்தில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பைப்பு. இந்த அநியாயத்தை நான் சோற்றுக்கு முன்னாலும் பின்னாலும் சொல்லிக்கொண்டே இருந்ததில் அப்பாவுக்கு அலுத்துவிட்டது. "அப்ப அந்த ஊருக்கே போயிரு" என்றார்.

புத்தகம் எனக்கு ஒரு சொல்லையும் கொடுத்தது. சான்று. எதைச் சொன்னாலும் அதற்குச் சான்று வேண்டும் என்று புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் சொன்னது. சான்று இல்லாவிட்டால், இல்லை என்று நேராக ஒப்புக்கொண்டது. பெரிய மனுஷத்தனமான அந்தச் சொல்லை நான் வீட்டில் தாராளமாகச் செலவழித்தேன். சர்க்கரை டப்பாவை யார் திறந்தது என்று அம்மா கேட்டால், "சான்று இருக்கா?" என்பேன். மாமா விழுந்து விழுந்து சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டார்.

மாமாவும் அத்தையும் கீழ் லயத்தில் இருந்தார்கள். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. அத்தை தோட்டத்தில் கொழுந்து எடுப்பார். மாமா காலை பஸ்ஸில் பண்டாரவளைக்குப் போய் இருட்டோடு திரும்புவார். அவர்களுடைய ஒற்றையறைக் காம்பராவுக்குப் பின்னால் மலைச்சரிவில் ஒரு வெடிப்பு இருந்தது. கையை உள்ளே விடலாம். மழை பலமாகப் பெய்தால் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பாதுகாப்பான இடம் எது என்று அப்பா கேட்டதற்கு, அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஒருநாள் காலையில் நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, லொறி லொறியாகக் கருங்கல்லைக் கொட்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது. ஆசிரியர் சோக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வாசலுக்கு ஓடிப் பார்த்தோம். எதிர்ப்பக்கம் கீழ் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது. கோயிலையும் காணோம், கொய்யா மரத்தையும் காணோம். எங்கள் மேல் லயம் ஓரமாக இருந்ததால் தப்பியது. பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போனவர்களும் பள்ளிக்கூடம் போனவர்களும் பிழைத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் போனார்கள். மாமா அன்று காய்ச்சல் என்று கடைக்குப் போகவில்லை.

எஞ்சிய எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். என் வகுப்பறையே எங்கள் வீடானது. நான் உட்கார்ந்து கணக்குப் போட்ட மேசைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பாய் விரித்தோம். அத்தை ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். யார் வந்து கையைப் பிடித்தாலும் ஒரே பேச்சுத்தான்.

"காய்ச்சல்னு படுத்திருந்தாங்க. கொத்தமல்லித் தண்ணியும் மாத்திரை ரெண்டும் குடுத்து, நல்லாத் தூங்குங்கன்னு சொல்லிட்டுத்தான் பெரட்டுக்குப் போனேன். குளிருதுன்னாங்க, கதவையும் சாத்திட்டுப் போனேன்."

கிராம சேவகரிடமும் அதையே சொன்னார். அரிசி மூட்டை இறக்க வந்தவர்களிடமும் சொன்னார். மலையே விழுந்திருக்கிறது, இந்த அத்தை மாத்திரைக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாரே என்று எனக்கு ஒரே எரிச்சல்.

இராணுவக்காரர்கள் பெக்கோ இயந்திரங்களோடு வந்து மண்ணைத் தோண்டினார்கள். நான் பதறிப்போனேன். சின்னக் கரண்டியாலும் தூரிகையாலும் மெல்ல மெல்லத்தான் தோண்டவேண்டும் என்று என் புத்தகத்தில் தெளிவாக இருந்தது. ஒரு படையாளிடம் போய், எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், மெதுவாகத் தோண்டுங்கள் என்று சொன்னேன். அவர் என் தலையைத் தடவி ஒரு பிஸ்கட் பக்கெற்றைக் கொடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமா உயிரோடு இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவ்வளவு முட்டாள் இல்லை. ஆனால் அப்படியே இருப்பார் என்று நினைத்தேன். மண் எதையும் கெடுக்காது, பத்திரமாக வைத்திருக்கும் என்பதுதான் நான் அந்தப் புத்தகத்திலிருந்து கற்ற பாடம். பானைக்குள் கோதுமை மணி கிடைத்தது, குழந்தைகள் இழுத்து விளையாடிய களிமண் வண்டி கிடைத்தது. அப்படியானால் கம்பளியும் கொத்தமல்லித் தண்ணீர்க் கோப்பையுமாக மாமா மட்டும் ஏன் கிடைக்கமாட்டார்? இதை அத்தைக்குச் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று பட்டது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்து வாசித்தேன். பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம் மாமாவின் கடை வாசம் வந்தது. அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் எழுந்தும் போகவில்லை. மறுநாள் பின்னேரம் அவராகவே, "அதைக் கொண்டா பாப்பா" என்றார். ஒருவர் நான் வாசிப்பதைக் கேட்கிறார் என்பதில் எனக்கு உண்டான பெருமையை என்னவென்று சொல்வது! மாமா போன துக்கத்துக்கு நடுவிலும் அந்தப் பெருமை இருந்தது.

ஒரு பக்கத்தில், அந்த நகரத்தின் ஒரு வீட்டு அறையில் சிலருடைய எலும்புகள் கிடந்தன என்று வந்தது. அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவுங்க தூங்கிக்கிட்டு இருந்தாங்களா, முழிச்சிருந்தாங்களா?"

தேடிப் பார்த்தேன். அது எழுதியிருக்கவில்லை. சாக்கடையும் செங்கலும் வரும் பக்கத்துக்குப் போனேன். அத்தை விடவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் அதே பக்கத்தைக் கேட்டார். அதே கேள்வியைக் கேட்டார். நல்ல நல்ல விஷயங்கள் இருக்க இதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாரே, அத்தைக்குச் சரித்திரம் ஏறாது என்று முடிவுகட்டினேன்.

தோண்டத் தோண்ட மேலிருந்து மண் இறங்கிக்கொண்டே இருந்தது. சிலர் கிடைத்தார்கள். அவர்களைப் பார்க்க எங்களை விடவில்லை. பார்த்துவிட்டு வந்த அப்பா அன்று சாப்பிடவில்லை. கடைசியில் அதிகாரிகள் வந்து, இனித் தோண்டினால் தோண்டுகிறவர்களுக்கும் ஆபத்து, வீட்டுக்காரர்கள் எல்லோரும் சம்மதித்தால் அந்த இடத்தையே அடக்கம் செய்த இடமாக விட்டுவிடலாம் என்றார்கள். மற்றவர்கள் அழுதுகொண்டே சம்மதித்தார்கள். அத்தை ஒருவர்தான் முடியாது என்றார். முகத்தைப் பார்க்காமல் கருமாதி செய்யவிடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் அத்தை பக்கம். தோண்டாமல் எப்படிச் சான்று கிடைக்கும்?

மறுநாள் காலையில் பதில் சொல்லவேண்டும். விடிந்ததும் அத்தை வகுப்பறை வாசல்படியில் உட்கார்ந்து எதிர்ப்பக்கத்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பனி விலகி அது ஈரமாகத் தெரிந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, நல்லாப் பாத்துச் சொல்லு. அந்த ஊர்க்காரங்க தூங்கிக்கிட்டுத்தான் இருந்தாங்களா? இல்ல, முழிச்சு, கதவைத் தட்டிக்கிட்டு..."

நான் புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு, ஓர் ஆராய்ச்சியாளர் சொல்வதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

"அதுக்குச் சான்று இல்ல அத்தை."

"தோண்டிப் பாத்தும் இல்லையா?"

"தோண்டிப் பாத்தா சில நேரம் தெரியும். எலும்பு கிடக்கிற விதத்தை வச்சுச் சொல்லிருவாங்க."

அத்தை என்னையே பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது பயம் என்று இப்போது சொல்வேன். அன்று, நான் சொன்னது அவருக்கு விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"இல்லாமலே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

எழுந்து சேலையை உதறினார். நேரே அதிகாரிகள் நின்ற இடத்துக்குப் போனார். தோண்டியது போதும், ஐயருக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. எல்லோரையும்விட அதிகமாகத் தோண்டச் சொன்னவர் அவர்தான். அம்மா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினார். அத்தை அழவில்லை.

உடம்பு இல்லாததால் தர்ப்பைப் புல்லில் ஓர் ஆள் உருவம் செய்து காரியம் செய்தார்கள். நான் கிட்டப் போகவில்லை. அத்தைமேல் எனக்கு அவ்வளவு கோபம். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால், மெதுவாகத் தோண்டியிருந்தால், மாமா எப்படி இருந்தார் என்று எல்லோருக்குமே தெரிந்திருக்குமே, இது ஏன் இந்த அத்தைக்குப் புரியவில்லை என்று புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.