தம்பி கொடுத்த சாவி

ஓய்வுபெற்ற அரசு அதிகாரி நான். எதற்கு எங்கே மனு கொடுப்பது என்று எனக்குத் தெரியும், மன்னிப்பதைத் தவிர. திண்டிவனத்தில் என் தம்பி கொடுத்த பைக்கில் போய்த்தான் என் மகன் விபத்தில் இறந்தான். அன்றிலிருந்து தம்பியிடம் பேச்சில்லை, எனக்குத் தூக்கமும் இல்லை. கடைசியில் விழுப்புரம் வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் ஒரு மனநல ஆலோசகரைப் பிடித்தேன். முதலில் பட்டச் சான்றிதழைக் காட்டச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே காட்டினார். நடந்ததை முழுதாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பையன் உங்ககிட்ட சாவி கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, சார்?"

விதிப்படி யோசித்தேன். "லைசென்ஸ் இருந்துச்சு, ஹெல்மெட்டும் போட்டிருந்தான். குடுத்திருப்பேம்மா." சொன்னதும் உடைந்து அழுதேன்.

அன்றே தம்பியை அழைத்தேன்.

"திட்டிக்கினாவது பேசுண்ணே. பேசாம மட்டும் இருக்காத."

"நானும் குடுத்திருப்பேன்டா."

இனி கோபித்துக்கொள்ள எனக்கு ஆளில்லை. மகன் இல்லாதது மட்டும் அப்படியே இருக்கிறது.