நட்சத்திரம் போடாத மழை

வட்டார மழை வரைபடம் போடுவதுதான் அந்த வரைவாளருக்கு இருபத்தாறு வருட வேலை. பதினான்கு மழைமானிகளின் அளவுகளைப் புள்ளியாக வைத்து, இடையில் கிடக்கும் ஊர்களில் எவ்வளவு பெய்திருக்கும் என்று கோடு இழுப்பார். ஒன்பதாம் மானியை அளந்துகொண்டிருந்தவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் போடவே இல்லை. அளவு வராவிட்டால் சுற்றியிருக்கும் மூன்று மானிகளின் சராசரியை எழுதி, பக்கத்தில் நட்சத்திரக் குறி வைக்க வேண்டும். முதல் வருடம் வைத்தார். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் மேலிடம் விளக்கம் கேட்டது. எழுதி எழுதி மனிதர் அலுத்துப்போனார். மறுவருடம் குறியை விட்டுவிட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படியே பதினோரு வருடம் ஓடிவிட்டது.

ஒன்பதாம் மானி இருக்கும் ஊரில்தான் அவருடைய அக்காவும் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனவருக்கு அவள் அரை டம்ளர் தண்ணீர்தான் கொடுத்தாள்.

"சுத்தி எல்லா ஊர்லயும் கொட்டுது தம்பி, இங்க ஒரு சொட்டு இல்ல. கிணறு வத்தி இருபது நாளாச்சு. தண்ணி லாரி கேட்டா, உங்க ஊர்ல மழை பெஞ்சதா படத்துல இருக்குங்கறாங்க. எந்தப் புண்ணியவான் வரைஞ்சானோ."

புண்ணியவான் டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார். அக்காவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை ஒன்பதாம் மானிக்கு நேரே பூஜ்யம் எழுதி அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி புதிதாக வந்தவர், வயதில் சின்னவர், விவரமானவர். பழைய பதிவேடுகளை எடுத்துவரச் சொல்லிப் பொறுமையாகப் புரட்டினார்.

"பதினோரு வருஷமா பாருங்க சார். சுத்தி பெஞ்சா இங்கயும் பெஞ்சிருக்கு. ஒரு மாசம்கூட பிசகல. இவ்வளவு ஒழுங்கான மானி நம்மகிட்ட வேற இல்ல. திடீர்னு பூஜ்யம்னா அளந்தவர்தான் தப்பு பண்ணியிருக்கார். சராசரியே போட்டுடுங்க."

வரைவாளர் கேட்காமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அளக்க அங்க ஆளே இல்ல சார். பதினோரு வருஷமும் அந்த மழை என் மேசையிலதான் பெஞ்சுது."

அதிகாரி பதிவேட்டை மூடினார்.

"இத எழுதிக் குடுத்தீங்கன்னா அந்த ஊருக்குத் தண்ணி லாரி போகும். உங்க மேல விசாரணையும் வரும். ஓய்வுக்கு இன்னும் நாலு மாசம்தானே இருக்கு, யோசிச்சுக்கங்க."

"லாரி எப்ப போகும்?"

"நாளைக்குக் காலையில."

வரைவாளர் ஒரு வெள்ளைத் தாளை இழுத்துத் தேதியைப் போட்டார்.