பொட்டு வைக்காத பெட்டி

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஏஞ்சலின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறாள். பி.சி.ஏ. முடித்துவிட்டு டைப் அடிக்கத்தான் சேர்ந்தாள். சர்வரை அமைத்த பையன் பெங்களூருக்குப் போகும்போது பாஸ்வேர்டை அவளிடம் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அது அவள் தலையில்.

ஸ்டோர் ரூமை ஒட்டிய சின்ன அறையில் ஒரு கறுப்புப் பெட்டி, அதுதான் சர்வர். வருகைப்பதிவு, சம்பளம், கேட் கேமரா, மில் விடுதிப் பெண்களின் ஊர், பேர், போன் நம்பர் எல்லாம் அதற்குள். அதில் ஓடுவது காசில்லாமல் கிடைக்கிற பொது மென்பொருள். எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதுவது. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். ஓட்டை கண்டால் அவர்களே அடைத்து அப்டேட் விடுவார்கள். அப்டேட் வந்த கையோடு, ஓட்டை எங்கே இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடும். அதற்கப்புறம் யார் முந்துகிறார்கள் என்பதுதான்.

முதல்முதலாக அவள் அப்டேட் போட்டபோது கேட்டில் வருகை பதிகிற மெஷின் நின்றுபோனது. காலை ஷிப்டுப் பெண்கள் வெயிலில் நின்றார்கள். அரை நாள் சம்பளம் போயிற்று. யாரும் அவளைத் திட்டவில்லை, பார்த்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு அப்டேட்டுக்கும் சிலுவை போட்டுக்கொண்டுதான் கை வைப்பாள். போடவும் பயம், போடாமல் இருக்கவும் பயம்.

விடுதியில் சுகன்யா என்று ஒருத்தி. கீரனூர்க்காரி. புருஷன் அரிவாளைத் தூக்கியதும் ராத்திரியோடு ராத்திரியாக வந்துவிட்டவள். அவன் இன்னமும் தேடிக்கொண்டிருந்தான். சேர்ந்த அன்றைக்கு விவரங்களைச் சொல்லி முடித்துவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க அக்கா, நான் இங்க இருக்கறது வெளிய யாருக்கும் தெரியாதுங்களே?"

"தெரியாது" என்றாள் ஏஞ்சலின். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறாள். வேறோர் ஊர் மில்லின் ஆட்கள் பட்டியலை எவனோ திருடி இணையத்தில் கொட்டியிருந்தான். ஒருத்தியின் பேரைப் போட்டுத் தேடினால் அவள் இருக்கும் மில்லின் பேர் வந்தது.

ஆயுத பூஜையன்று மில் நின்றிருந்தது. கழுவித் துடைத்த மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். சர்வருக்கு மாலை. பக்கத்தில் வாழையிலையில் அவள் லேப்டாப்பும் பொட்டோடு இருந்தது. கேட்டில் பூசணிக்காய் உடைத்து முடிந்ததும் அவள் போனில் அறிவிப்பு வந்தது. பெரிய ஓட்டை. பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வரலாம். உடனே அப்டேட் செய்க.

மேனேஜர் முத்துக்கிருஷ்ணன் பொரியை மென்றுகொண்டிருந்தார்.

"சார், சர்வர செத்த நேரம் எடுக்கணும். அப்டேட் போடணும்."

"இன்னைக்கா? பூசைல இருக்கத எழுப்பி வேல வாங்குவியாக்கும்?"

"எவனும் உள்ள வந்துரலாம் சார்."

"இம்புட்டு நாள் வராதவன் இன்னைக்குப் பாத்து வாரானாக்கும்! காலைல மறுபூசை முடியட்டும், தொடு." குரலை இறக்கினார். "பூசைல இருந்தத சர்ச்சுக்குப் போறவங்க தொட்டுட்டாங்கன்னு ஒரு பேச்சு கிளம்புச்சுன்னா நான்ல பதில் சொல்லணும், ஏஞ்சலின்."

அவர் தன்மையாகத்தான் சொன்னார். அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அறைக்குத் திரும்பி மாலைக்கு நடுவே மினுக்கிய விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு மினுக்கலுக்கும் யாரோ வருவதுபோல் இருந்தது. கண் மேலே போயிற்று. கதவுக்கு மேல் இன்டர்நெட் லைன் வந்து சேருகிற சின்ன வெள்ளைப் பெட்டி. வெளியிலிருந்து எவன் வந்தாலும் அதன் வழியாகத்தான் வரவேண்டும். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். முன்னால், பக்கவாட்டில், அடியில் எல்லாம் தடவிப் பார்த்தாள். தூசிதான் இருந்தது. அதை ஆயுதம் என்று யாரும் நினைக்கவில்லை.

அணைத்தாள்.

முத்துக்கிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "மொதலாளி கோயம்புத்தூர்ல இருந்து கத்துறாரு. போன்ல கேட் தெரியலையாம். தொட்டியா?"

"சர்வரத் தொடல சார்." மேலே காட்டினாள். "அத அணைச்சேன். அதுக்குப் பொட்டு இல்ல."

அவர் அண்ணாந்து பார்த்தார். "அதையெல்லாம் எவன் நெனச்சான்..." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "லைன்ல கோளாறுன்னு சொல்றேன். காலைல வரலேன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குத்தான்."

விஜயதசமி காலை. கற்பூரம் காட்டியதும் அவள் லேப்டாப்பை எடுத்து, தன் போன் வழியாக அப்டேட்டை இறக்கி, சர்வரில் ஏற்றினாள். சிலுவை போட்டுக்கொண்டாள். அணைத்து எழுப்பினாள். திரை கறுப்பாகவே நின்றது. பின்னால் மேனேஜரின் மூச்சு கேட்டது. அப்புறம் ஒரு வரி வந்தது. இன்னொரு வரி.

"வந்துருச்சுல்ல? அம்புட்டுத்தான்! இதுக்குப் போயி..." அவர் முதலாளிக்குப் போன் போட்டுக்கொண்டே போனார்.

வெள்ளைப் பெட்டியையும் போட்டுவிட்டு, முந்தின நாள் சர்வரைத் தேடி யார் யார் வந்தார்கள் என்ற பதிவைத் திறந்தாள். அறிவிப்பு வந்ததற்கும் அவள் ஸ்டூலில் ஏறியதற்கும் நடுவில் எங்கிருந்தோ ஒருவன் தட்டியிருந்தான். மறுபடி மறுபடி, அதே ஓட்டையில். சர்வர் கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தது. ஒரே ஒரு முறை எதையோ கொடுத்திருந்தது. எதை என்று பதிவில் இல்லை.

"அக்கா, பொரி சாப்புடுங்க." சுகன்யா வாசலில் நின்றாள். புதுச் சேலை. ஏஞ்சலின் முகத்தைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தாள்.

"சுகன்யா, நேத்து ஒருத்தன் இதுக்குள்ள வந்திருக்கான். என்னத்த எடுத்தான்னு தெரியல. ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம்."

"என்ற பேரு அதுல இருக்குதுங்களா?"

"இருக்கு."

"தெரியாதுன்னு சொன்னீங்களே."

ஏஞ்சலின் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். சுகன்யா கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கேட்டு வாசல் தெரியுமுங்களா இதுல?"

கேமராவைத் திறந்தாள். உடைந்த பூசணிக்காயை ஆடு தின்றுகொண்டிருந்தது. மில் பஸ் வந்து நின்றது, பெண்கள் இறங்கினார்கள். பஸ் நகர்ந்ததும் எதிரே வேப்பமரத்தடியில் ஒரு பைக் தெரிந்தது. அதன்மேல் ஹெல்மெட் போட்ட ஒருவன் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அவனா?" என்றாள் ஏஞ்சலின்.

சுகன்யா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஹெல்மெட்டக் கழட்டட்டுங்க."